குல்ஷன் பார்க்க விரும்பிய லேப்

பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் வளையலும் கிளிப்பும் விற்கும் ஃபேன்சி கடை வைத்திருக்கும் குல்ஷனுக்கு, மூத்த மகன் ராஷித் படித்த கல்லூரியை நினைத்தாலே வயிறு எரியும். ஒரு தரகர் வண்ணப் படங்களைக் காட்டிப் பேசிய பேச்சை நம்பி அவனை மெக்கானிக்கலில் சேர்த்துவிட்டாள். பட்டமளிப்பு விழா அன்றுதான் முதன்முதலாக அந்த வாசலை மிதித்தாள். போகிற வழியில் ராஷித் ஒரு கூடத்தைக் கை காட்டி, படித்த நாலு வருஷத்தில் அங்கிருந்த மெஷின் ஓடி ஒருநாளும் பார்த்ததில்லை என்று சொல்லிச் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போது அவன் சென்னீர்குப்பத்தில் ஒரு செல்போன் கடையில் ஸ்கிரீன் கார்டு ஒட்டுகிறான். கத்திரிக்காயைக்கூடச் சொத்தை இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்துத்தானே வாங்குகிறோம், பிள்ளையை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துவிட்டோமே என்ற ஆற்றாமை அவளுக்கு அடங்கவே இல்லை.

மகள் அலீனா பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, படித்தால் பயோமெடிக்கல் இன்ஜினியரிங்தான் என்று பிடிவாதமாக நின்றாள். பெங்களூரு நெடுஞ்சாலையில் ஒரு தனியார் கல்லூரியில் அந்தப் படிப்பு இருந்தது. பெற்றோரும் பிள்ளைகளும் வந்து சுற்றிப் பார்க்கலாம் என்று அவர்கள் ஒரு சனிக்கிழமையைக் குறித்திருந்தார்கள். சனிக்கிழமை கடையில் கூட்டம் அதிகம். இருந்தும் குல்ஷன் ஷட்டரை இறக்கிவிட்டுக் கிளம்பினாள்.

லாரிகளுக்கு சீட் தைக்கும் அவள் கணவர் அன்வர் பாஷாவுக்கு இதில் நம்பிக்கை இல்லை. "நீ போயி இன்னா பாக்கப் போற? அவங்க காட்டறதத்தான பாப்ப" என்றார்.

"காட்டாததயும் பாத்துட்டுதாங்க வருவேன்" என்றாள் குல்ஷன்.

கல்லூரி பஸ்ஸே வந்து பூந்தமல்லியில் ஏற்றிக்கொண்டது. இறங்கியதும் கையில் ரோஜாவும் பிஸ்கட் டப்பாவும் கொடுத்து ஏ.சி. அரங்கத்தில் உட்கார வைத்தார்கள். ஒருவர் மாற்றி ஒருவராகப் பேசினார்கள். டிரோனில் எடுத்த படம் ஓடியது. மேலிருந்து பார்க்கக் கல்லூரி பச்சைப் பசேலென்று அழகாகத்தான் இருந்தது. படத்தில் ஓர் இடத்திலும் ஒரு பிள்ளை உட்கார்ந்து பாடம் படிக்கவில்லை. கேள்வி கேட்கலாம் என்று மைக்கைக் கொடுப்பார்கள் என குல்ஷன் காத்திருந்தாள். மைக்கை ஒரு பாட்டுக்காரரிடம் கொடுத்தார்கள்.

பிறகு நீலக் கோட்டு போட்ட ஒரு மாணவி வந்து இவர்கள் கூட்டத்தைச் சுற்றிக் காட்ட அழைத்துப் போனாள். பயோமெடிக்கல் லேப்பைப் பார்க்க வேண்டும் என்று குல்ஷன் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டாள். அடுத்து அங்கேதான் என்றாள் அந்தப் பெண். போன இடமோ ஷட்டில் மைதானம். மறுபடி கேட்டாள். அடுத்து என்றாள். விடுதியில் புது விரிப்பு போட்ட ஒரே ஓர் அறையைக் காட்டினார்கள். பக்கத்து அறைகள் எல்லாம் பூட்டியிருந்தன. கை குலுக்கும் ரோபோ ஒன்றைக் காட்டினார்கள். கடைசியில் லேப் இருக்கும் கட்டடத்து வாசலுக்கே வந்தபோது, உள்ளே பெயிண்ட் அடிக்கிறார்கள், வாடை ஒத்துக்கொள்ளாது என்று கூட்டத்தைத் திருப்பினாள் அந்த மாணவி. குல்ஷன் மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். ஒரு வாடையும் இல்லை. கதவருகே நின்றாவது பார்த்துவிட்டு வருகிறேனே என்றாள். அனுமதி இல்லை மேம் என்று அந்தப் பெண் மனப்பாடமாக ஒப்பித்தாள்.

அலீனா தாயின் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். "எல்லாரும் நம்மளத்தான் பாக்கறாங்கம்மா. நா இங்க சேந்தா எல்லாருக்கும் இந்த மூஞ்சிதான் ஞாபகம் இருக்கும். சும்மா வாயேன்."

குல்ஷனுக்குச் சுருக்கென்றது. கழிப்பறைப் பக்கம் போனாள். முகம் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்துக் குழாயில் ஒரு பெண் கை அலம்பிக்கொண்டிருந்தாள். கார்த்திகா என்று கழுத்து அட்டையில் இருந்தது. அதே பயோமெடிக்கல், மூன்றாம் வருஷம். குல்ஷன் விடவில்லை. எம்மா, உன் தங்கச்சியா இருந்தா இங்கே சேர்ப்பாயா என்று நேராகக் கேட்டாள்.

அந்தப் பெண் வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "கிளாஸ் நல்லாதான் எடுப்பாங்க ஆன்ட்டி. லேப்தான் பாதி மெஷின் இன்னும் வரல. இருக்கறத சுத்தி நின்னு பாப்போம், தொட்டுப் பண்ணது கம்மி. நா சொன்னேன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, ப்ளீஸ்."

சொல்ல மாட்டேன் என்று குல்ஷன் வாக்குக் கொடுத்தாள். வாக்கு எவ்வளவு பாரம் என்பது அரங்கத்துக்குத் திரும்பிய பிறகுதான் தெரிந்தது. அலீனா பதிவு மேஜை முன்னால் பேனாவோடு உட்கார்ந்திருந்தாள். இன்றைக்கே பதிவு செய்தால்தான் கட்டணச் சலுகை, நாளைக்கு சீட்டே இருக்காது என்று மேஜைக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது வேண்டாம், எழுந்திரு என்றாள் குல்ஷன். ஏன் என்று கேட்டாள் மகள். மேஜைக்காரரும் ஏன் மேடம் என்றார். கார்த்திகா நாலடி தள்ளி, தண்ணீர்ப் பாட்டில்களை அடுக்கியபடி தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். குல்ஷனால் வேண்டாம் என்பதற்கு மேல் ஒரு சொல் சொல்ல முடியவில்லை.

அலீனா பேனாவை வைத்துவிட்டு எழுந்தாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தவள், திருமழிசை தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தாள். "அண்ணனுக்குப் பாக்காம உட்டு கெடுத்த. எனக்குப் பாத்துப் பாத்தே கெடுக்கற."

அந்தச் சொல் குல்ஷனை இரண்டு நாள் தின்றது. கடையில் கேட்ட வளையலை விட்டு வேறு வளையலை எடுத்துக் கொடுத்தாள். அப்புறம் மகளிடம் சொன்னாள்: ரோஜாப்பூ கொடுக்காத ஒரு நாளில் போவோம், லேப்பை உன் கண்ணால் பார், பார்த்த பிறகும் பிடித்திருந்தால் அங்கேயே சேர்க்கிறேன்.

புதன்கிழமை போனார்கள். அன்று மேம் என்று யாரும் கூப்பிடவில்லை. வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. முன்அனுமதி வேண்டும் என்றார். யாரிடம் வாங்குவது என்றால் அலுவலகத்தில் என்றார். அலுவலகம் உள்ளே இருந்தது. வெயிலில் நின்று நின்று குல்ஷனுக்குக் கால் கடுத்தது. அவள் குரல் உயர்ந்தபோது, டீ குடிக்க வெளியே வந்த ஓர் ஆசிரியர் என்ன விஷயம் என்று நின்றார். அந்தத் துறையில்தான் பாடம் எடுக்கிறாராம். வாங்க, அஞ்சு நிமிஷம்தான் என்று அவரே அழைத்துப் போனார்.

லேப்பில் பெயிண்ட் எதுவும் அடித்திருக்கவில்லை. நீண்ட மேஜைகள் பாதிக்கு மேல் காலியாகக் கிடந்தன. ஒரு மூலையில் இதயத் துடிப்பைப் பதியும் கருவி ஒன்றைச் சுற்றி மாணவர்கள் மொய்த்திருந்தார்கள். பின்வரிசைப் பிள்ளைகள் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குல்ஷன் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் நின்றாள். கேட்டது அலீனா. ஒரு செமஸ்டரில் ஒருவருக்கு எத்தனை முறை தானே செய்து பார்க்கக் கிடைக்கும் என்றாள். மற்ற மெஷின்கள் எப்போது வரும் என்றாள்.

"அடுத்த வருஷம்னு சொல்றாங்கம்மா" என்ற ஆசிரியர் சற்றுத் தயங்கினார். "நான் சேந்தப்பவும் அதான் சொன்னாங்க."

திரும்பும் வழியெல்லாம் அலீனா செல்போனில் வேறு கல்லூரிகளைத் தேடிக்கொண்டே வந்தாள். நீ சொன்னது சரிதான் என்று தாயிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆசைப்பட்ட படிப்பு கைக்கு எட்டும் தூரத்தில் வேறெங்கும் இல்லை என்ற கோபம் மட்டும் வீட்டில் பல நாள் நின்றது. சாப்பாட்டுத் தட்டைக்கூட டொக்கென்று வைத்தாள். என்மேல் கோபப்பட்டு என்னடி ஆகப்போகிறது என்று குல்ஷனும் எரிந்து விழுந்தாள்.

கவுன்சலிங்குக்கு முந்தைய வாரம், தோழி வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு அலீனா ஆவடிப் பக்கம் இன்னொரு கல்லூரிக்குத் தனியாகப் போய் வந்தாள். அங்கே பயோமெடிக்கல் இல்லாததால் எலக்ட்ரானிக்ஸ் துறையைப் பார்த்தாளாம். விஷயம் தெரிந்ததும் குல்ஷனுக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை.

"என்ன இட்டுகினு போனா இன்னாடி?"

"நீ வந்தா சண்ட போடுவ. நா கெஞ்சிக் கேட்டு உள்ள போனேன்."

குல்ஷன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடுப்பில் குழம்பு கொதித்தது. கொஞ்ச நேரம் கரண்டியைப் போட்டுக் கிண்டியவள், திரும்பாமலே, லேப் திறந்திருந்ததா என்று கேட்டாள். அலீனா சமையலறை வாசலிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, பார்த்ததை ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினாள்.