உறுதியும் காப்புறுதியும்

வீட்டை விட்டு எழும்பு என்று எனக்கு இரண்டு தரம் சொல்லியிருக்கிறார்கள்.

முதல் தரம் யாழ்ப்பாணத்தில், வலிகாமம் வடக்கில். ஆமி வந்தது, எழும்பினோம். நொத்தாரிசு எழுதிய வீட்டு உறுதிப் பத்திரம் அப்பாவின் கையில் இருந்தது. உறுதி எங்களிடம், வீடு அவர்களிடம். இரண்டாம் தரம் இங்கே, டென்மார்க்கில். நான் வாடகைக்கு இருந்த மாடிக் கட்டிடத்தை இடிக்கப் போகிறோம், வேறு இடம் தருவோம் என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். எப்படிச் சொன்னாலும் எழும்புவது எழும்புவதுதான்.

மூன்றாம் தரம் ஒருவரும் சொல்லக் கூடாது. அதற்காக வீடு வாங்க வெளிக்கிட்டேன்.

ரண்டர்ஸ் நகரத்துக் கரையில் ஒரு சிவப்புக் கல் வீடு. சின்னது. பின்னால் அப்பிள் மரம், அதற்குப் பின்னால் செடிவேலி. வேலியில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை. அது என்ன என்று தரகரைக் கேட்டேன். ஒன்றுமில்லை என்றார்.

மகளையும் கூட்டிப் போயிருந்தேன். அவள் இங்கே பிறந்தவள். போனில் நான் தமிழில் கேட்டால் டெனிஷில்தான் பதில் வரும். தமிழில் வந்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"உறுதி எப்ப தருவினம் எண்டு கேள் பிள்ளை."

கேட்டாள். தரகர் சந்தோசமாகத் தலையாட்டி நீளமாக ஒரு சொல் சொன்னார். அதில் 'ஐயர்' என்பது மட்டும் என் காதில் விழுந்தது.

"ஐயர் என்னத்துக்கு? புது வீடு குடிபூரலுக்கு நான் பாத்துக்கொள்ளுவன் எண்டு சொல்லு."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அது அந்த ஐயர் இல்லையம்மா. டெனிஷில ஐயர் எண்டால் வீட்டுச் சொந்தக்காரன். சொந்தக்காரன் மாறேக்க எடுக்கிறது. விக்கிற ஆள் அரைவாசி கட்டுவார், நாங்கள் அரைவாசி."

"உறுதிக்கோ?"

"ஓம், அதுக்குத்தான்."

விற்கிறவனே அரைவாசி கட்டுகிறான். நல்ல நாடு என்று நினைத்தேன். தரகரின் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தேன். சட்டத்தரணி பார்த்து வேண்டாம் என்றால் அது செல்லாது என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்த வரியைப் போடச் சொன்னது மகள்.

சட்டத்தரணி ஒரு பெண். என்னுடைய உடைந்த டெனிஷில் நானே கேட்டேன். தரகர் சொன்ன இந்த 'ஐயர்' பத்திரம் இருந்தால் என்னை ஒருவரும் எழுப்ப ஏலாதுதானே?

அவர் கண்ணாடியைக் கழற்றினார். இது காப்புறுதி, கூரைக்கும் குழாய்க்கும் என்றார். வாங்கும்போது தெரியாத பழுது பிறகு தெரியவந்தால் அதற்குப் பணம் தருவார்களாம். வீடு யாருடையது என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லையாம்.

மகளைத் திரும்பிப் பார்த்தேன்.

"நான் உன்னை உறுதியெல்லோ கேக்கச் சொன்னனான்."

"ஓம். காப்புறுதி."

"காப்புறுதி இல்லை. உறுதி. வீடு எங்கட எண்டு எழுதுறது."

"ஐயோ, அது டெனிஷில ஸ்கோத! நீங்கள் காப்புறுதியைச் சுருக்கி உறுதி எண்டு சொல்லுறீங்கள் எண்டு நினைச்சன். நீங்கள் எல்லாத்தையும் சுருக்கித்தானே கதைப்பீங்கள்."

"வீட்டையே சுருக்குவனோ?"

சட்டத்தரணி என்ன என்று கேட்க, மகள் சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

பிறகு அவர் ஆறுதலாக விளங்கப்படுத்தினார். சில நாடுகளில் சொந்தத்துக்கே காப்புறுதி விற்கிறார்களாம். வாங்கிய பிறகு இன்னொருவன் வந்து வீடு என்னுடையது என்றால் அந்தக் கொம்பனி பார்த்துக்கொள்ளுமாம். இங்கே அது தேவையில்லை. அரசாங்கத்தின் காணிப் பதிவு ஒன்று இருக்கிறது. அதில் என் பெயர் ஏறினால் வீடு என்னுடையது. அதுதான் இங்கத்தைய உறுதி. தாள் இல்லை, முத்திரை இல்லை. கம்பியூட்டரில் இருக்கும்.

"ஆனால்" என்று சொல்லித் திரையை என் பக்கம் திருப்பினார்.

அந்த வீட்டின் பதிவில் பழைய வரி ஒன்று இருந்தது. பின்வீட்டுக்காரர் இந்த வளவுக்குள்ளால் நடந்து ரோட்டுக்குப் போகலாம். எழுதியவர்கள் செத்தாலும் அந்த வரி சாகாது. வாங்குகிறவரோடு வரும்.

வேலியில் இருந்த ஓட்டை இதுதான்.

காப்புறுதி இதைப் பார்க்காதா என்று கேட்டேன். பார்க்காது என்றார். அது வீட்டின் பழுதுக்கு மட்டும். ஒப்பந்தத்தை முறிக்கவா என்று கேட்டார்.

"முறிக்க வேண்டாம். வரியை எடுத்தால் வாங்குவேன், எடுக்காவிட்டால் இல்லை என்று எழுதுங்கள்."

அடுத்த நாளே தரகர் மகளுக்குப் போன் எடுத்தார். அந்த வழியால் ஒருவரும் நடப்பதில்லையாம். வேறு ஆட்கள் வீட்டுக்குக் காத்திருக்கிறார்களாம்.

"அம்மா, வீடு போகப் போகுது. இது டென்மார்க். ஆரும் வரமாட்டினம்."

"ஊரிலயும் ஆரும் வரமாட்டினம் எண்டுதான் இருந்தனாங்கள்."

காத்திருக்கிற ஆட்கள் வாங்கட்டும் என்று தரகரிடம் சொல்லச் சொன்னேன்.

சனிக்கிழமை தனியாக பஸ் எடுத்துப் பின்வீட்டுக்குப் போனேன். உயர்ந்த மனிதர், வயதானவர். பக்கத்தில் குட்டை நாய். டெனிஷில் எல்லாரும் 'நீ'தான். அன்றைக்கு அது எனக்கு வசதியாக இருந்தது.

"நீ அந்த வழியால் நடக்கிறாயா?"

"முந்தி நடந்தேன். இந்த நாய்க்கு ரோட்டுத்தான் பிடிக்கும்."

"அப்ப வேண்டாம் என்று எழுதித் தா."

"ஏன்? நடக்க மாட்டேன் என்று சொல்கிறேனே. என் சொல் போதாதா?"

"போதாது."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "நான் பிடிவாதமாக வந்தால் என்ன செய்வாய்?"

"வா. தேத்தண்ணி தருவேன். ஆனால் முன்கதவால் வா."

"கறியும் தருவாயா?"

"கையெழுத்துக்குப் பிறகு."

நாய் குரைக்கும் அளவுக்குச் சிரித்தார்.

சட்டத்தரணி அனுப்பிய பத்திரத்தில் அவர் கையெழுத்து வைத்தார். வரி பதிவிலிருந்து போனது. தரகர் சொன்ன அந்த வேறு ஆட்களைப் பற்றிப் பிறகு பேச்சே இல்லை. காப்புறுதியும் எடுத்தேன். கூரைக்குக் கூரைக் காப்புறுதி வேண்டும்தானே.

நான் ஆஸ்பத்திரித் துணி கழுவும் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். விரிப்புகள் மடித்துக்கொண்டு நின்றபோது மகள் போன் எடுத்தாள். தமிழில் கதைத்தாள்.

"அம்மா, உறுதி வந்திட்டுது."

"எந்த உறுதி?"

"வீட்டு உறுதி. காப்பு இல்லாத உறுதி."

"ஆற்ற பேர் கிடக்கு?"

"உங்கட பேர்தான் அம்மா."

சரி என்று சொல்லி வைத்தேன். மிச்ச விரிப்புகளையும் மடித்தேன்.

குடிபுகுந்த பிறகு முதல் செய்த வேலை, வேலி ஓட்டையில் தடி நட்டுப் பலகை அடித்ததுதான். மகள் அவமானத்தில் வீட்டுக்குள்ளே நின்றாள். பின்வீட்டுக்காரர் அந்தப் பக்கம் நாயோடு நின்று பார்த்தார்.

"கோணலாக இருக்கிறது" என்றார்.

"என் காணி. என் கோணல்."

கடைசி ஆணியையும் அடித்தேன். அவர் அந்தப் பக்கம் இல்லை. கொஞ்ச நேரத்தில் முன்கதவு தட்டும் சத்தம் கேட்டது. நாயையும் கூட்டிக்கொண்டு ரோட்டால் சுற்றி வந்திருந்தார்.

மகளிடம் கறி சூடாக்கச் சொல்லிவிட்டுப் போய்த் திறந்தேன்.