ரெட்டைக் கதவுக்கு ஒரு ஸ்மார்ட் பூட்டு

"ஆணி அடிக்கிற பழக்கம் உண்டா?" என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டார் பீமராவ் சார். போன மாசியில், ஸ்ரீரங்கத்தில் அவருடைய மாடிப் போர்ஷனை வாடகைக்குப் பார்க்கப் போயிருந்தோம். நானும் அனுசுயா அக்காவும் அக்காவின் கணவர் நவநீதனும்.

"சேச்சே, இல்லீங்க சார்," என்றார் நவநீதன்.

"காலண்டர் மாட்டணும்னா?"

"காலண்டரே கிடையாதுங்க. எல்லாம் போன்லதான்."

"ராகு காலமும் போன்லதானா? சரி, உங்க பாடு. சுவத்துல இருக்கிற ஆணி உங்களுக்கு, இல்லாத ஆணி எனக்கு. புரியுதா?"

"புரியுதுங்க."

"இந்த மாடிக் கதவு எங்க அப்பா காலத்துத் தேக்கு. பொன்மலை ரயில்வே பட்டறையில முப்பத்திமூணு வருஷம் இரும்போட மல்லுக்கட்டினவன் நான். இதுல ஒரு ஸ்க்ரூ ஏத்தினதில்ல. நாதாங்கி இருக்கு, பூட்டு நான் தரேன். போதும்ல?"

"தாராளமாப் போதும் சார். கதவைத் தொடவே மாட்டேன்."

"தொடாம எப்படி உள்ள போவீங்க?" என்று சிரித்தார் பீமராவ் சார். அக்காவும் சிரித்தாள். நவநீதன் மட்டும், "ஒரு பேச்சுக்குச் சொன்னேன் சார்," என்று விளக்கம் கொடுத்தார்.

"பதினோரு மாச அக்ரிமெண்ட். தை கடைசியில முடியும். கதவும் சுவரும் நல்லா இருந்தா நீட்டிக்கலாம்," என்று பீமராவ் சார் பேச்சை முடித்தார்.

நவநீதனுக்கு முப்பத்திநாலு வயது. தில்லைநகரில் ஒரு தனியார் நிறுவனத்தில் மேற்பார்வையாளர். ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்க மாதக்கணக்கில் செலவிடுவார். அது போய்ச் சேர வேண்டிய இடத்தை ஒரு நிமிஷம் பார்க்க மாட்டார். இரண்டு மாதம் ஆராய்ந்து வாங்கிய மிக்ஸியின் ஒயர் பிளக் பாயிண்டை எட்டவில்லை. பெண் தேடியபோது ஒன்பது ஜாதகங்களைக் கட்டம் போட்டு ஒப்பிட்டுத்தான் அக்காவைத் தேர்ந்தெடுத்ததாக அவரே பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அக்காவுக்கு என்ன பிடிக்கும் என்பதற்கு அதில் ஒரு கட்டம் இருந்ததாகத் தெரியவில்லை.

ஆனியில் அக்கா உண்டாகியிருப்பது தெரிந்தது. மாசியில் பிரசவம் என்றார்கள். எங்களுக்கு அம்மா இல்லை. எங்கள் ஊரான தொட்டியத்தில் அப்பாவும் வாழைத் தோட்டமும் மட்டும்தான். அதனால் பிரசவம் ஸ்ரீரங்கத்திலேயே என்று முடிவாகி, நான் துணைக்கு வந்து தங்கினேன். ஆஸ்பத்திரி நடக்கிற தூரம். வயிற்றில் பிள்ளையோடு வீடு மாறுவது எங்களில் வழக்கமில்லை. வழக்கத்தை விடுங்கள், ஒன்பதாம் மாதத்தில் யார் சாமான் கட்டுவார்கள்? தை கடைசியில் பீமராவ் சார் அக்ரிமெண்டை நீட்டித்தே ஆக வேண்டும். அக்காவுக்கு இருந்த கவலை அது ஒன்றுதான்.

நவநீதனுக்கோ வீட்டை ஸ்மார்ட் ஆக்க வேண்டும். "பிள்ளை பிறக்கப்போற வீடு, பாதுகாப்பு வேணாமா?" என்றார்.

முதலில் பல்புகள் வந்தன. போனிலிருந்து நிறம் மாற்றலாம். ஆனால் சுவரில் இருக்கும் ஸ்விட்சை அணைக்கவே கூடாது. அறையை விட்டு வெளியே வந்தால் விளக்கை அணைத்துப் பழகியவள் அக்கா, அணைத்தாள். நவநீதன் எல்லா ஸ்விட்சுகளின் மேலும் பிளாஸ்திரி ஒட்டினார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் விளக்குப் போடத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அவர் வீட்டுக்கு வருவது எட்டு மணிக்கு. அடுத்து, ஆணி வேண்டாத கேமரா. பசையில் ஒட்டுவது. ஐப்பசி மழையில் சுவர் ஓதம் ஏறியதும் அது கழன்று விழுந்து, மூன்று நாள் எங்கள் செருப்புகளைக் காவல் காத்தது.

பிறகு பூட்டு. கைரேகை வைத்தால் திறக்கும் பூட்டு. பதினான்கு மாடல்களைக் கட்டம் போட்டு ஒரு மாதம் ஒப்பிட்டார். சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் நசுருதீன் பாயிடம் விசாரிக்கப் போனபோது நானும் கூட இருந்தேன்.

"கதவை அளந்தீங்களா சார்?" என்றார் பாய்.

"நான் மாடலைப் பத்திக் கேக்கறேன்."

"நான் கதவைப் பத்திக் கேக்கறேன். சொந்த வீடா?"

"வாடகை."

"அப்ப முதல்ல கதவைக் கேளுங்க, அப்புறம் ஓனரைக் கேளுங்க. ரெண்டு பேரும் சரின்னா வாங்க, டீ சொல்றேன்."

"இவங்கள்லாம் இன்னும் பழைய காலத்துலயே இருக்காங்க," என்று நவநீதன் பஸ்ஸில் சொல்லிக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்ததும் ஆன்லைனில் ஆர்டர் போட்டார்.

பூட்டோடு ஆங்கிலத்தில் ஒரு கையேடும் வந்தது. அவருக்கு ஆங்கிலம் உண்டு, பொறுமைதான் இல்லை. என்னைத் தமிழில் சொல்லச் சொன்னார். ஒற்றைக் கதவுக்கு மட்டுமே பொருந்தும் என்று இரண்டாம் பக்கத்தில் இருந்ததைச் சொன்னேன்.

"அது வெளிநாட்டுக்காரனுக்குச் சொல்றது. நீ அடுத்த பக்கம் போ பாப்பா."

பீமராவ் சார் ஒரு கல்யாணத்துக்காகக் கும்பகோணம் போன அன்று, பூட்டைப் பொருத்த ஆள் வந்தான். "சார், இது ரெட்டைக் கதவு," என்றான். "ஒண்ணை நிரந்தரமா அடைச்சாதான் இன்னொண்ணுல மாட்ட முடியும். நாதாங்கியையும் கழட்டணும்."

"வேணாங்க," என்றாள் அக்கா. "சார் வரட்டும், ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்."

"அவருக்கு முட்டி வலி. மாடி ஏறியே ஆறு மாசம் ஆச்சு," என்றார் நவநீதன். கதவை அளக்காதவர், இதை மட்டும் அளந்து வைத்திருந்தார்.

தன் ரேகையையும் அக்காவின் ரேகையையும் பதிந்தார். நான் பிரசவம் முடிந்ததும் ஊருக்குப் போய்விடுவேன் என்பதால் என் ரேகை தேவையில்லையாம். நம்பர் போட்டுத் திறக்கிற வசதியை, யாராவது எட்டிப் பார்த்துவிடுவார்கள் என்று நிறுத்தி வைத்தார்.

கார்த்திகையில் வளைகாப்பு. பீமராவ் சார் தன் கீழ் ஹாலைத் தானாகவே கொடுத்தார். கன்னத்திலும் கைகளிலும் சந்தனம் பூசி, முழங்கை வரை வளையல் அடுக்கி, ஆரத்தி எடுத்து அவள் வீட்டு வாசலில் கொண்டுபோய் விட ஏழெட்டுப் பெண்கள் அக்காவோடு படியேறினார்கள். அக்கா பூட்டில் கட்டைவிரலை வைத்தாள். திறக்கவில்லை. முந்தானையில் துடைத்துவிட்டு வைத்தாள். ரேகைக்குள் காய்ந்திருந்த சந்தனம் போகவில்லை. ஐந்தாவது தடவையோடு சிவப்பு விளக்கு எரிந்து, பூட்டு கொஞ்ச நேரத்துக்கு எதையும் ஏற்க மறுத்தது.

"என்னடி இது, உன் வீடே உன்னை யாருன்னு கேக்குது?" என்றார் எங்கள் வேலம்மாள் அத்தை. எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

சாப்பாடு எடுத்துவரப் போயிருந்த நவநீதனுக்குப் போன் போட்டேன். "இங்கேர்ந்தே திறக்கறேன் பாருங்க," என்றார் உற்சாகமாக. வீட்டில் கரண்ட் இல்லை, வைஃபையும் இல்லை. ஒன்றும் நடக்கவில்லை.

"அவசரத்துக்குச் சாவி ஒண்ணு குடுத்தாங்களே, அது எங்கே?" என்றேன்.

"பீரோவுல பத்திரமா இருக்கு."

"எந்த பீரோ?"

"நம்ம பீரோதான்."

"அது உள்ள இருக்கு."

"காவேரிப் பாலத்துல மாட்டிக்கிட்டேன். பத்து நிமிஷம்."

அதற்குள் சத்தம் கேட்டு, கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறி வந்துவிட்டார் பீமராவ் சார். அடைத்துக் கிடந்த கதவை மேலிருந்து கீழ் வரை தடவிப் பார்த்தார். நாதாங்கி இருந்த இடத்தில் விரலை வைத்தார். துளைகளை ஒவ்வொன்றாக எண்ணினார். பதினொன்று.

"உன்னை ஒண்ணும் சொல்லலம்மா," என்றார் அக்காவிடம். "வயித்துப்பிள்ளைக்காரி இருக்கிற வீட்டுல கதவைத் துளைச்சிருக்காங்களே! யார் பண்ணினாங்களோ அவங்க கீழ வந்து, நான்தான் பண்ணினேன்னு என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். சொன்னா அக்ரிமெண்டைப் பத்திப் பேசலாம். சொல்லலேன்னா, தை கடைசியில காலி பண்ணிடுங்க."

அவர் இறங்கிப் போன பிறகுதான் நவநீதன் வந்தார். விரலை வைத்தார். பூட்டு இசையோடு திறந்தது. "பாருங்க, நல்லா வேலை செய்யுதே! சந்தனத்தைக் கழுவிட்டு வந்திருக்கணும்," என்றார் அந்தப் பெண்களிடம்.

அன்று மாலை, வீங்கிய கால்களை நாற்காலியில் நீட்டிக்கொண்டு அக்கா சொன்னாள்: "ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடுங்களேன். பதினாறு படிதானே?"

"போறேன். யோசிச்சுப் போகணும்."

யோசித்தார். அதற்கும் போனில் கட்டம் போட்டார். உடனே சொல்வது ஒரு கட்டம், பொங்கல் கழித்துச் சொல்வது ஒரு கட்டம், பழியைப் பொருத்த வந்தவன்மேல் போடுவது ஒரு கட்டம். அக்கா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கீழே பீமராவ் சாரின் கதவு திறக்கும் போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தாள்.

மூன்றாம் நாள் நான் சமையலறையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். நவநீதன் வந்து, அக்கா தூங்குகிறாளா என்று எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தணித்துக் கேட்டார்.

"பாப்பா, ஒரு உதவி பண்ணணும். அந்தப் பூட்டு உன் ஏற்பாடுன்னு பீமராவ் சார்கிட்ட போய்ச் சொல்லிடு. நீ அதிகம் பேசாத பொண்ணு. நீ சொன்னா நம்பிடுவாரு."