வீட்டுச் சாமிகளுக்கு இரண்டு சட்டை

எட்டு மாதப் பையனுக்கு வந்த காய்ச்சல் விடவே இல்லை. பாலசமுத்திரத்தில் ஊசி போட்டோம், சித்தூரில் படுக்க வைத்தோம், கடைசியில் திருப்பதிக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்குள் வயிறு பானை மாதிரி வீங்கிவிட்டது. அங்கே எனக்கு உட்கார முடியவில்லை. வார்டு வாசல், மருந்துக்கடை, கை கழுவும் குழாய், மறுபடி வார்டு வாசல். குழாயடியில் நின்றால் மலை தெரியும். கோவிந்தா என்று கும்பிடுவேன், கும்பிட்ட கை இறங்குவதற்குள் கால் நடந்துவிடும்.

"ஒரு எடத்துல குந்துங்களேன். உங்களப் பாத்தா எனக்குத் தல சுத்துது" என்பாள் மனைவி.

டாக்டரம்மா தெலுங்கில் விளக்கினார். மற்ற பிள்ளைகளுக்குச் சளியும் காய்ச்சலுமாக வந்து போகும் கிருமிதானாம். இவனுக்கு மட்டும் அதை எதிர்க்கக் கிளம்பிய ரத்த அணுக்கள் நிற்காமல் இவன் உடம்பையே தின்கின்றன. மருந்து ஏறிக்கொண்டிருந்தது. ஆனால் இது பிறவிக் கோளாறாக இருந்தால் மருந்து போதாது, வேறொருவருடைய எலும்பு மஜ்ஜை வேண்டும், இப்போதே தேடத் தொடங்க வேண்டும். பரிசோதனை முடிவு வர நாளாகும். உங்கள் இரண்டு குடும்பத்திலும் சின்ன வயதில் செத்துப்போன ஆண்பிள்ளை உண்டா என்று கேட்டார். நான் இல்லை என்றேன். மனைவியும் இல்லை என்றாள். பொய் சொன்னதாக எங்களுக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் மனைவி என்னைக் கடைக்கு அனுப்பினாள். ஆஸ்பத்திரி அலைச்சலில் இந்தப் பொங்கலுக்கு வீட்டுச் சாமிகளுக்குச் சட்டை வைக்கவில்லை, அதனால்தான் காய்ச்சல் விடவில்லையோ என்று அவளுக்குப் பயம். அவள் அம்மா வீட்டுச் சாமிகள் இரண்டு பையன்கள். அவளுக்கு முன்னால் பிறந்து, நிற்காமல் போனவர்கள். வருஷா வருஷம் விளக்குக்கு முன்னால் பாலும் இரண்டு சின்னச் சட்டையும் வைத்து விழுந்து கும்பிடுவோம். அவர்களை அந்த வீட்டில் யாரும் செத்தவர்கள் என்று சொன்னதில்லை.

சட்டைகளைப் பையன் தலைமாட்டில் வைத்தோம். டாக்டரம்மா பார்த்துவிட்டு, இரட்டைப் பிள்ளையா என்று கேட்டார். மனைவி விஷயத்தைச் சொன்னாள். அவர் குறிப்பு எழுதப் பேனாவை எடுத்தார். எப்படிப் போனார்கள், காய்ச்சல் இருந்ததா, வயிறு வீங்கியதா என்று கேட்டார். எங்களுக்குத் தெரியாது. தெரிந்தவர் என் மாமியார் ஒருவர்தான்.

போன் போட்டதும், அவரிடம் விட்டிருந்த என் மூத்த பெண்ணையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்தார். கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சாமிங்கள நோவுல செத்துச்சின்னு என் வாயால சொல்லணுமா மாப்ள?"

சொன்னால் சாமிகள் வீட்டை விட்டுப் போய்விடுவார்கள் என்ற பயம். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. குழாயடி வரைக்கும் நடந்து திரும்பினேன்.

"அத்த, அவங்க இருந்திருந்தா இவனுக்குத் தாய்மாமனுங்க. காது குத்துறப்போ மடியில வெச்சிக்க வேண்டியவங்க. மருமவனுக்காகத்தான கேக்குறோம்."

தலைமாட்டுச் சட்டைகளின் மடிப்பைச் சரிசெய்தார். பிறகு எழுந்து டாக்டரம்மாவிடம் போனார். இரண்டு பேருக்கும் ஒரு வயசுக்குள்ளே காய்ச்சல், வயிறு வீக்கம், கடைசியில் வாயில் ரத்தம் என்று நின்றபடியே சொன்னார். அழவில்லை. இது தாய் வழியாக ஆண்பிள்ளைகளுக்கு வருவதாக இருக்கலாம் என்றார் டாக்டரம்மா. அன்றைக்கே மஜ்ஜைப் பொருத்தம் பார்க்க என் பெண்ணின் ரத்தத்தை எடுத்தார்கள். பிறகு மாமியாரிடம், உங்களுக்கு வேறு பெண் இருக்கிறாளா என்று கேட்டார். மாமியார் அப்போதுதான் அழுதார். சின்னவள் சத்தியவேட்டில் முழுகாமல் இருந்தாள்.

போனில் சொல்கிற சேதி இல்லை. நானே போனேன். பஸ்ஸிலும் உட்காரப் பிடிக்காமல் பாதி வழி நின்றுகொண்டே போனேன். அவள் புருஷன் கம்பெனி வேலைக்குப் போயிருந்தான். அவளுடைய மாமியார் மட்டும் உள்ளே இருந்தார். தண்ணீர் கொண்டுவந்தவளிடம் மெதுவாகச் சொன்னேன். வயிற்றில் இருப்பதற்கு ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம், பார்த்துவிட்டால் முன்கூட்டியே காப்பாற்ற வழி இருக்கிறதாம் என்றேன்.

"நம்ம சாமிங்களுக்கு வந்த நோவா மாமா?"

"ஆமாம்மா."

"அம்மா வாயால சொல்லிச்சா?"

"டாக்டரம்மாகிட்டயே சொன்னாங்க."

அவள் உள்ளே போய்த் தன் மாமியாரிடம் ஏதோ சொன்னாள். வெளியே வரும்போது கையில் பை இருந்தது.

"திருப்பதிக்கு இப்போ பஸ் இருக்குதா மாமா?" என்று கேட்டுக்கொண்டே செருப்பை மாட்டினாள்.