பாடம் நான்கு: நமக்கு உதவுவோர்

மூன்றாம் வகுப்புச் சமூகவியலுக்குச் சொந்தமாகப் பாடத்திட்டம் தயாரிப்பது என்று எங்கள் பள்ளி முடிவெடுத்தபோது, அந்தப் பொறுப்பை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். யாரும் என் தலையில் கட்டவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நடந்ததற்கெல்லாம் மேலிடத்தைக் கைகாட்டித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

அதுவரை நாங்கள் நடத்திய புத்தகம் வடக்கே எங்கோ அச்சானது. அதில் பால்காரர் கோட்டுப் போட்டிருப்பார். விவசாயி பெரிய தலைப்பாகையும் முறுக்கு மீசையுமாகக் கோதுமை வயலில் நிற்பார். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் நெல்லும் மணிலாக்கொட்டையும் போடுகிறார்கள். அந்த மீசைக்காரரைப் பார்த்து ஒரு பிள்ளைக்காவது தன் அப்பா ஞாபகம் வந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. அந்தப் பாடத்தை நடத்தும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வரும்.

மே மாத வெயிலில் நூலக அறையில் மூன்று பேர் உட்கார்ந்தோம். நான், தலைமையாசிரியை, கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கத் தெரிந்த ஓர் இளம் ஆசிரியை. ஒவ்வொரு பாடத்துக்கும் ஐந்து கட்டம் போட்டோம்: உள்ளடக்கம், படம், செயல்பாடு, கற்றல் விளைவு, மதிப்பீடு. வீடு, தெரு, ஊர், மாவட்டம் என்று பிள்ளை தன் வாசலிலிருந்து நடந்தே வெளியே போக வேண்டும் என்பது என் திட்டம். இங்கிலீஷ் மீடியம் பள்ளிதான் என்றாலும், ஊரைப் பற்றிய புத்தகமாவது தமிழில் இருக்கட்டும் என்று அடம்பிடித்து அனுமதி வாங்கினேன்.

நான்காம் பாடம் 'நமக்கு உதவுவோர்'. யார் யாரைச் சேர்ப்பது என்பதில் ஒரு காலைப்பொழுது முழுக்கப் போனது. செங்கம் சாலையில் காபிக் கடை வைத்திருக்கும் வெள்ளைக்காரரைப் போடலாமா என்றாள் இளம் ஆசிரியை. கிரிவலப் பாதைச் சாமியார்களை விட்டுவிடக் கூடாது என்றார் தலைமையாசிரியை.

"அவங்க என்ன உதவி பண்றாங்க மேடம்?" என்று கேட்டேன்.

"ஆசீர்வாதம் பண்றாங்க இல்ல?"

தாளாளர், தம் படத்தைப் பின்னட்டையில் போட்டால் போதும் என்று பெருந்தன்மையாகச் சொல்லியனுப்பினார். நான் இவர்கள் எல்லாரையும் மனதுக்குள் திட்டிக்கொண்டே கற்றல் விளைவு கட்டத்தில் ஒரு வரி எழுதினேன். 'உழைக்கும் எவரையும் சமமாக மதித்தல்.' எழுதிவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தேன். என்னை எனக்கே ரொம்பப் பிடித்துப்போனது.

படங்கள் நிஜ மனிதர்களுடையதாக இருக்க வேண்டும் என்றேன். நானே போனை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டில் ஒரு கண்டக்டர் கிடைத்தார். அடி அண்ணாமலையில் கத்தரிக்காய் பறித்துக்கொண்டிருந்தவர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் கிரிவலப் பாதைக்குப் போனேன். அத்தனை கூட்டம் நடந்து முடித்த பாதை விடிந்ததும் எப்படிக் கிடக்கும் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது, அவர்கள் அதற்குள் பஸ் ஏறியிருப்பார்கள். சாம்பார் காய்ந்த தட்டுகளையும் மிதிபட்ட சோற்றையும் யாரோ சுருட்டி எறிந்த குழந்தைத் துணியையும் ஒரு பெண் துடைப்பத்தால் கூட்டி வாரித் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டிருந்தார். பச்சை நிற மேல்கோட்டு, கையில் உறை இல்லை.

"ஒரு போட்டோ எடுத்துக்கட்டுங்களாம்மா? ஸ்கூல் புக்குல போடறதுக்கு."

அவர் வெட்கத்தோடு சிரித்தார். "என்னையா? எந்த ஸ்கூலுங்க மேடம்?"

சொன்னேன். துடைப்பம் நின்றுவிட்டது.

"ஐயோ, வேணாம் மிஸ்." ஒரு நொடியில் மேடமாக இருந்தவள் மிஸ் ஆகிவிட்டேன். "எம் பொண்ணு அங்கதான் படிக்குது. கவர்மெண்டு ஒதுக்கீட்டுல சீட்டு கெடச்சுது. இப்ப மூணாவது போவுது. கூடப் படிக்கிற புள்ளைங்ககிட்ட எங்கம்மா ஆஸ்பத்திரில வேலை செய்றாங்கன்னு சொல்லி வெச்சிருக்குது."

"அப்படிச் சொல்ல வெச்சது யாரு? நாமதானே? இந்தப் பாடமே அதுக்குத்தாம்மா. எங்கப்பா மாடு மேய்ச்சவரு. நான் எங்கயாவது மறைச்சிருக்கேனா?"

என் அப்பா மாடு மேய்த்ததே இல்லை. அதற்கு ஆள் வைத்திருந்தார். அந்த ஆளுக்கு எங்கள் வீட்டில் தனி டம்ளர் இருந்தது. பேச்சு வேகத்தில் அந்த ஆளின் தொழிலை எடுத்து அப்பாவுக்கு மாட்டிவிட்டேன்.

"நீங்க சொல்றது சரிதாங்க மிஸ். ஆனா பசங்க ஒரு மாதிரிங்க."

"பசங்கள நான் பாத்துக்கறேன்."

மகளுக்குப் பாடம் நடத்தப்போகும் டீச்சர் எதிரில் நின்று கேட்டால் எந்த அம்மாவால் முடியாது என்று சொல்ல முடியும்? அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் மறுபடியும் கேட்டேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு துடைப்பத்தோடு நின்றார். படம் அருமையாக வந்தது.

புத்தகம் அச்சாகி வந்தது. ஜூலையில் நான்காம் பாடத்தை நானே நடத்தினேன். செயல்பாடு கட்டத்தில் நான் எழுதியிருந்தது இதுதான்: ஒவ்வொரு படத்தையும் காட்டும்போது வகுப்பு முழுவதும் எழுந்து நின்று, கைகூப்பி, ஒரே குரலில் 'நன்றி' சொல்ல வேண்டும். கண்டக்டருக்குச் சொன்னார்கள். கத்தரிக்காய்க்காரருக்குச் சொன்னார்கள். அடுத்த பக்கத்தைத் திருப்பியதும் என்னால் பொறுக்க முடியவில்லை.

"இவங்க தூய்மைப் பணியாளர். இவங்க பொண்ணு நம்ம கிளாஸ்லயே இருக்கா. யாருன்னு சொல்லுங்க பாப்போம்?"

பரிசுச் சீட்டு முடிவைச் சொல்வதுபோலச் சொன்னேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாவது பெஞ்சில் அவள் குனிந்து ரப்பரைத் தேடிக்கொண்டிருந்தாள். ரப்பர் மேஜை மேலேயே இருந்தது.

"எழுந்திரும்மா. பெருமையா எழுந்திரு."

எழுந்தாள். "எங்கம்மா இல்ல மிஸ்."

"பொய் சொல்லக் கூடாது. எனக்குத் தெரியும்டா கண்ணு." நான் கைதட்டினேன். வகுப்பே கைதட்டியது. பிள்ளைகளுக்குக் கைதட்டக் காரணம் வேண்டுமா என்ன? அவள் நின்றுகொண்டே இருந்தாள். உட்காரச் சொல்ல நான் மறந்துவிட்டேன்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் அவள் பக்கத்தில் உட்காரும் சிறுமி தன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு முன் பெஞ்சுக்குப் போனாள். ஒரு வாரம் கழித்து, நான் வகுப்புக்குள் நுழையும்போது அதே சிறுமி பென்சில் சீவிய தூளை அவள் காலடியில் கொட்டினாள். இவள் குனிந்து பொறுக்கினாள். சுற்றி நின்ற ஏழெட்டுப் பேர் கைகூப்பி, நான் கற்றுக்கொடுத்த அதே ராகத்தில், "நன்றி!" என்றார்கள்.

நான் என்ன செய்தேன்? சத்தம் போடாதீர்கள் என்று அதட்டினேன். அவ்வளவுதான். என் பாடம் தப்பாகப் போய்விட்டது என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைகள் என்றால் விளையாடத்தான் செய்வார்கள், நாலு நாளில் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நாலு நாளில் சரியாகவில்லை. தினமும் அவள் காலடியில் ஏதாவது கிடந்தது, தினமும் அவள் பொறுக்கினாள். பாடக் குறிப்பேட்டில் நான் இப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்: 'மாணவர்கள் செயல்பாட்டில் ஆர்வத்துடன் பங்கேற்றனர்.'

காலாண்டுத் தேர்வுக்கு வினாத்தாள் எடுத்ததும் நான்தான். நான்காம் பாடத்திலிருந்து ஒரு படக் கேள்வி வர வேண்டும் என்று திட்டத்தில் இருந்தது. ஐந்து படங்கள் இருந்தும் நான் துடைப்பத்தோடு நின்ற அந்த அம்மாவின் படத்தைத்தான் எடுத்தேன். அதுதான் தெளிவாக அச்சாகும் என்று இளம் ஆசிரியையிடம் சொன்னேன். உண்மை அதுவல்ல. 'எங்கம்மா இல்ல' என்ற அந்தப் பிள்ளையின் பிடிவாதம் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது, அவள் கையாலேயே உண்மையை எழுத வைத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். எட்டு வயதுப் பிள்ளையோடு எனக்கு என்ன போட்டி? ஆனால் இருந்தது.

கேள்வி இதுதான்: 'படத்தில் இருப்பவர் யார்? அவர் நமக்குச் செய்யும் உதவி என்ன?' இரண்டு மதிப்பெண்.

அவள் குண்டு குண்டான எழுத்தில், ஒரு அடித்தல் இல்லாமல் எழுதியிருந்தாள்: 'இவர் யார் என்று எனக்குத் தெரியாது. இவர் எனக்கு எந்த உதவியும் செய்யவில்லை.'

மற்ற கேள்விகளுக்கெல்லாம் சரியாக எழுதியிருந்தாள். இதற்கு மட்டும் சிவப்பு மையில் ஒரு பெரிய பூஜ்யம் போட்டு, பக்கத்தில் 'பெற்றோர் பார்க்கவும்' என்று எழுதினேன்.

அடுத்த சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். என் வகுப்பறையில் பெஞ்சுகளில் பெற்றோரும் பிள்ளைகளுமாக நிறைந்திருந்தார்கள். ஒவ்வொருவராக என் மேஜைக்கு வந்து விடைத்தாளைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டும். அந்தப் பிள்ளையின் அம்மா இஸ்திரி போட்ட புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். நான் விடைத்தாளை எடுத்து அந்தப் பக்கத்தைத் திருப்பி அவர் முன்னால் வைத்தேன்.

"பாருங்கம்மா. மத்ததெல்லாம் நல்லா எழுதியிருக்கா. இதுக்கு மட்டும் இப்படி எழுதி வெச்சிருக்கா. வீட்ல கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க."

அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். விரல் ஒவ்வொரு சொல்லாக நகர்ந்து கடைசியில் நின்றது. பிறகு நிமிர்ந்து, எனக்குக் கேட்பதற்குத் தேவையானதைவிட ஜாஸ்தியான சத்தத்தில் சொன்னார்:

"அது நான் இல்லீங்க மிஸ். யாரோ என்னை மாதிரியே இருக்காங்க. நீங்க ஆள் மாத்தி நெனச்சுட்டீங்க. எம் பொண்ணு கரெக்டாத்தான் எழுதியிருக்குது."

சொல்லும்போது அவர் கண்கள் என்னிடம் வேறு ஒன்றைக் கேட்டன. புரியவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். நன்றாகப் புரிந்தது. 'அப்படியா, நான்தான் தப்பாகச் சொல்லிவிட்டேன்போல' என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் போதும். அந்த அறையில் இருந்த அத்தனை பிள்ளைகளும் கேட்டிருப்பார்கள். திங்கட்கிழமையிலிருந்து அவள் காலடியில் எதுவும் விழாமல் போயிருக்கலாம்.

ஆனால் எனக்குச் சுருக்கென்றது. இத்தனை பேர் எதிரில் என்னைப் பொய்க்காரி ஆக்குகிறாரே என்று கோபம் வந்தது. என் படம், என் பாடம், என் கேள்வி.

"என்னம்மா இப்படிச் சொல்றீங்க? பௌர்ணமிக்கு மறுநாள் காலைல கிரிவலப் பாதைல நானே எடுத்த படம் இது. ஆஸ்பத்திரில வேலைன்னு எம் பொண்ணு பொய் சொல்லி வெச்சிருக்குதுன்னு நீங்கதானே எங்கிட்ட சொன்னீங்க?"

அந்தப் பிள்ளை தன் அம்மாவைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவர் பேனாவைக் கேட்டு வாங்கி, பெயரை மெதுவாக எழுதினார். எழுதி முடித்துப் பேனாவை மூடி வைத்தார்.

"ரெண்டு மார்க்குக்கா மிஸ் இவ்ளோ?"

குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். இரண்டு பேரும் போனார்கள். கதவுக்கு வெளியே செருப்பு மாட்டும்போது அந்தப் பிள்ளை அழுதுகொண்டே கேட்டது உள்ளே எல்லாருக்கும் கேட்டது.

"நீ சொன்ன மாதிரிதானம்மா எழுதினேன்?"

"ஆமாண்டி தங்கம். சரியாத்தான் எழுதின."

அடுத்த பெற்றோர் வந்து உட்கார்ந்தார். பென்சில் தூளைக் கொட்டிய சிறுமியின் அப்பா. நான் அவள் விடைத்தாளை எடுத்து அதே பக்கத்தைத் திருப்பினேன். 'இவர் தூய்மைப் பணியாளர். இவரை நாம் மதிக்க வேண்டும்' என்று எழுதியிருந்தாள். இரண்டுக்கு இரண்டு போட்டு, பக்கத்தில் 'மிக நன்று' என்று எழுதியிருந்தேன்.