மழை அள்ளிப்போன எரு

காலை ஆறரைக்குத் திருகோணமலையிலிருந்து கிளம்பவேண்டிய கண்டி வீதி பஸ் ஏழரைக்குக் கிளம்பியது. யுத்த காலத்தில் அதை யாரும் தாமதம் என்று சொல்வதில்லை. பக்கத்தில் கிண்ணியா மாட்டுக்காரர் பரீது நானா. மடியில் ஒரு தர்ப்பூசணி, எங்கள் பக்கத்துப் பேச்சில் வத்தகைப்பழம்.

"தம்பலகாமத்துத் தங்கராசா அண்ணன் வீட்டுக்கு. போன முறை அழுகின வத்தகைப்பழமெல்லாம் சாணியோட ஏத்தி அனுப்பினனான். எருவுக்கு நல்லம் தம்பி," என்றார்.

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். குண்டு செய்வார்கள் என்று இந்தப் பக்கம் யூரியா கொண்டுவர இராணுவம் விடுவதில்லை. தம்பலகாமத்து வயல்கள் போகத்துக்குப் போகம் இளைத்துக்கொண்டிருந்தன. கிண்ணியாவில் மாடு உண்டு, தம்பலகாமத்தில் வைக்கோல் உண்டு. இரண்டையும் சேர்த்து எருவாக்கி, பாதியை வயலுக்கும் மீதியை உப்புவெளித் தோட்டக்காரருக்கும் கொடுப்பது. விற்ற காசில் அடுத்த குவியலைப் போடுவது. கொழும்பில் குளிரூட்டிய அறையிலிருந்த எங்கள் நிறுவனத்தார் இதற்குத் 'தன் காலில் நிற்கும் வியாபாரத் திட்டம்' என்று பெயர் வைத்து, ஐந்து வருடத்துக்கு வரைந்து தரச் சொன்னார்கள். வருகிற வெள்ளிக்கிழமைக்கே உறுதி சொல்ல முடியாத ஊரில் ஐந்து வருடம்! எனக்கு எரிச்சல்தான் வந்தது.

தமிழர் - முஸ்லிம் கலவரத்துக்குப் பிறகு இரண்டு ஊரும் சேர்ந்து செய்த முதல் காரியம் அந்தக் குவியல். அது விற்றால்தான் கிண்ணியாக்காரர் மறுபடி சாணி தருவார்கள். "என்ர வாக்கை நம்பித்தான் தந்தவங்க," என்றார் நானா.

தம்பலகாமத்துக்கு முன்னால் சோதனைச் சாவடி. இறங்கி, வீதியின் இடக்கரையால் நடந்தோம். எதிர்க்கரையில், மூன்று மாதத்துக்கு முன் நாங்கள் வந்தபோது இல்லாத, மணல்மூட்டை அடுக்கிய ஒரு காவலரண். ஒரு சிப்பாய் நானாவின் பழத்தைக் கத்தியால் பிளந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

தங்கராசாவின் வயலோரத்தில்தான் குவியல் போட்டிருந்தோம். அங்கே வெறுந்தரை. பக்கத்தில் அகலமான லொறிச் சில்லுத் தடம். வரம்பில் நின்ற தங்கராசா எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

"எரு எங்க, அண்ணன்?" என்றார் நானா.

"மழை அள்ளிக்கொண்டு போட்டுது நானா."

அவருக்குப் பின்னால் குளம் காய்ந்து வெடித்துக் கிடந்தது. மழை பெய்து மாதக்கணக்கு.

"வித்திட்டீங்களெண்டா வித்தனெண்டு சொல்லுங்க. மழையெண்டு சொல்லி என்னைப் பேயனாக்க வேணாம். ஊருக்குப் போய் நான் என்னத்தைச் சொல்றது?"

"மழைதான் நானா. வேற ஒண்டும் சொல்ல ஏலாது. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

நானா இரண்டு பழத் துண்டுகளையும் வரம்பில் வைத்துவிட்டு நடந்தார். எனக்கும் தங்கராசாமேல் கடுங்கோபம். ஒரு லொறிக்காரனுக்கு எல்லோரையும் விற்றுவிட்டார் என்றே நினைத்தேன்.

திரும்பும் வழியில் வரிசை மறுகரையில், காவலரணை ஒட்டியே போனது. வெயிலில் உக்கிய சாக்குகளின் தையலால் கறுப்பாக ஏதோ கசிந்துகொண்டிருந்தது. மணல் அல்ல. வைக்கோல் துண்டும் சாணியும் கலந்த, நன்றாகப் பழுத்த எரு. அள்ள எளிதாக இருந்திருக்கும். ஒரு மூட்டையின் வாயிலிருந்து வத்தகைக் கொடி இறங்கி, மஞ்சளாய்ப் பூத்து, கைப்பிடியளவில் ஒரு பிஞ்சும் விட்டிருந்தது. வேரடியில் ஈரம். யாரோ தண்ணீர் ஊற்றி வளர்த்துவருகிறார்கள்.

நானா நின்றுவிட்டார். "யன்ட, யன்ட," என்று சிப்பாய் சிங்களத்தில் போகச் சொல்லி அதட்டினான். நடந்தோம்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் தோட்டத்துச் செம்மண்ணும் இப்படித்தான் சாக்குக்குள் போனது. அங்கே ஒன்றும் முளைக்கவில்லை. எங்கள் திட்டம் பலித்ததற்குச் சாட்சியாக இந்த மாவட்டத்தில் இருப்பது அந்த ஒரு கொடிதான், அதையும் கை நீட்டிக் காட்ட முடியாது.

பஸ்ஸில் கடல் தெரிந்ததும் நானா என் பக்கம் திரும்பினார்.

"அந்த மனிசன் குடிக்கச் சொன்ன தேத்தண்ணியையாவது குடிச்சிருக்கலாம்," என்றார். பிறகு என் கையிலிருந்த திட்டக் கோப்பைப் பார்த்தார். "கொழும்புக்கு என்ன எழுதப் போறீங்க?"

"தெரியேல்ல நானா."

"மழையெண்டு எழுதுங்க தம்பி. கிண்ணியாவில நானும் அதைத்தான் சொல்லப் போறன்."