பந்தைத் தொடாத ஜெரோம்

போன மாதம் அமெரிக்காவில் எங்கள் ஃபிரிஸ்கோ சப்டிவிஷனில் ஒரு துக்க விசாரிப்பு நடந்தது. பயப்படாதீர்கள்... யாரும் சாகவில்லை.

எதிர்வீட்டு ஸ்டெல்லா - சேவியர் தம்பதியின் மகன் ஜெரோமை யூனிவர்சிட்டி ஃபுட்பால் டீமில் 'ரெட் ஷர்ட்' பண்ணப் போகிறார்கள் என்று செய்தி பரவியது. அவ்வளவுதான். ஆளாளுக்கு அலுமினியம் ட்ரேயில் எதையாவது சமைத்து எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். நானும் போனேன், தயிர் சாதத்தோடு. இந்த மாதிரி நேரத்தில் பிரியாணியா கொண்டுபோக முடியும்?

ரெட் ஷர்ட் என்றால், முதல் வருடம் டீமோடு பயிற்சி மட்டும் செய்ய வேண்டும், மேட்சில் இறங்கக் கூடாது. அதற்குப் பதிலாகக் கடைசியில் ஒரு வருடம் கூடுதலாக ஆடிக்கொள்ளலாம். அமெரிக்கர்கள் இதைச் சலுகை என்கிறார்கள். நம் ஆட்களுக்கு, காலேஜில் ஒரு வருடம் உட்கார்த்தி வைத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். எங்கள் தெரு மாலா ஆன்ட்டி ஸ்டெல்லாவைக் கிச்சனுக்குத் தள்ளிக்கொண்டு போய், குரலைத் தாழ்த்தி, "அரியர்ஸ் எத்தனைம்மா?" என்று கேட்டேவிட்டார்.

ஸ்டெல்லாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

ஜெரோமைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்க ஃபுட்பால் கையில் ஆடுவது; அதில் அவன் ஒரு 'ரன்னிங் பேக்'. பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, எதிரே வரும் தடியர்களுக்கு நடுவில் புகுந்து ஓடுகிற வேலை. ஹை ஸ்கூலில் அவன் ஓடினால் பிடிக்க ஆள் கிடையாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்டேடியம் முழுக்க அவன் பெயரைச் சொல்லிக் கத்தும். கிரிக்கெட்டைத் தவிர வேறு எதையும் விளையாட்டு என்று ஒப்புக்கொள்ளாத எங்கள் ஊர்த் தமிழர்கள்கூட மடக்கு நாற்காலியோடு போக ஆரம்பித்தார்கள்.

ஒருவரைத் தவிர. ஸ்டெல்லா ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. அவள் பிசியோதெரபிஸ்ட். நாள் முழுவதும் உடைந்த முட்டிகளோடு வேலை. தன் பிள்ளையின் முட்டி உடைவதை வேறு பார்க்க வேண்டுமா? அதனால் எல்லா மேட்சுக்கும் வருவாள், ஸ்நாக்ஸ் ஸ்டாலில் வாலண்டியராக நிற்பாள், மைதானத்துக்கு முதுகைக் காட்டியபடி பாப்கார்ன் அள்ளிப் போடுவாள்.

யூனிவர்சிட்டியில் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, அங்கே ஏற்கெனவே நாலு ரன்னிங் பேக் இருக்கிறார்கள். நாலு பேரும் அவரவர் ஊரில் ஜெரோம்தான். களத்தில் பெரும்பாலும் ஒருவனுக்குத்தான் இடம். ஒரே பாத்ரூம் உள்ள கல்யாண வீட்டில் கடைசியாக எழுந்தவன் நிலைமை நம் பையனுக்கு.

என் கணவர் ரகுவுக்கு ஃபுட்பால் அத்துப்படி. அதாவது, அவரே அப்படிச் சொல்லிக்கொள்வார். ஆபீஸில் கற்பனை டீம் கட்டி மோதும் ஃபேன்டஸி லீக் ஆடித் தோற்றே கற்றுக்கொண்டது. ரெட் ஷர்ட்தான் புத்திசாலித்தனம், அடுத்த வருடம் இரண்டு பேர் படிப்பு முடித்துப் போய்விடுவார்கள், இவன் முன்னுக்கு வந்துவிடுவான் என்று சேவியருக்கு ஆறுதல் சொன்னார். ஆனால் ஒரு ஆபத்து. இந்த வருடம் ஒரே ஒரு தடவை களத்தில் கால் வைத்தாலும் சலுகை காலி. அந்த வருடம் கணக்கில் சேர்ந்துவிடும்.

ஜெரோமுக்கு இந்தக் கணக்கெல்லாம் பிடிக்கவில்லை. தினமும் ஃபோனில் ஒரே பல்லவி. "ஐ ஜஸ்ட் வான்ட் டு ப்ளே, மாம்." அந்தப் பிள்ளைக்கு ஆட வேண்டும், அவ்வளவுதான். கேட்கவே பாவமாக இருந்தது.

அக்டோபரில் நாலு பேரில் ஒருவனுக்குக் கணுக்கால் பிசகியது. அடுத்த வாரம் இன்னொருவனுக்குத் தொடை பிடித்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜெரோம் கூப்பிட்டான். நாளைக்கு யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்காரச் சொல்லியிருக்கிறார்களாம். இறக்கினாலும் இறக்கலாம்.

சனிக்கிழமை காலையில் இரண்டு குடும்பமும் எங்கள் மினிவேனில் கிளம்பினோம். ரகு கேம்கார்டரை முழுக்க சார்ஜ் செய்து எடுத்துக்கொண்டார். ஸ்டெல்லாவுக்கு அங்கே பாப்கார்ன் ஸ்டால் கிடையாது. வேறு வழியில்லாமல் எங்களோடு கேலரியில் உட்கார்ந்தாள், கையில் ஜெபமாலையோடு.

கடைசிக் கட்டம் வரை ஜெரோம் பெஞ்சில்தான் இருந்தான். எங்கள் டீம் பின்தங்கியிருந்தது. அப்புறம் கோச் திரும்பி என்னவோ சொல்ல... எழுந்து ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஓடினான். எங்கள் வரிசையே எழுந்து நின்றுவிட்டது. ரகு கேம்கார்டரை உயர்த்திப் பிடித்தார். பந்து இவன் கைக்கு வரும், இவன் ஓடப்போகிறான்... வந்ததா? இல்லை. ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் பையன் பந்தைத் தானே வைத்துக்கொண்டு தூர வீசினான். இன்னொருவன் பிடித்தான். அடுத்த தடவையும் அதே கதை. அதற்கடுத்த தடவை எறிந்த பந்து ஆகாயத்தில் நீளமாகப் போய், எல்லைக் கோட்டுக்கு அந்தப்பக்கம் ஒரு நெட்டைப் பையன் கையில் விழுந்தது. டச் டவுன். ஸ்டேடியம் அதிர்ந்தது. நாங்கள் ஜெயித்துவிட்டோம்.

ஜெரோம் பந்தைத் தொடவே இல்லை.

திரும்பி வரும்போதே வேனில் ஆராய்ச்சி ஆரம்பித்துவிட்டது. ரகுவுக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "ஒண்ணுமில்லாததுக்கு ஒரு வருஷத்தை வேஸ்ட் பண்ணிட்டாங்க சேவியர். சும்மா நிக்க வெச்சிருக்காங்க" என்றார். சேவியர் ஜன்னல் வழியாக ஃப்ரீவேயைப் பார்த்துக்கொண்டு வந்தார். ஸ்டெல்லா முகம் வெளிறிப் போயிருந்தது. பிள்ளை ஆடவில்லையே என்ற வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து அவர்கள் வீட்டில் சாப்பாடு. சாப்பிட்டுவிட்டு ரகு டேப்பைப் போட்டார். என்னத்தைச் சொல்ல? கேமரா முழுக்கப் பந்தின் பின்னாலேயே போயிருந்தது. ஜெரோமின் முழங்கை ஒரு இடத்தில் வந்தது, அவ்வளவுதான். ரகு அசடு வழிந்தார். ஸ்டெல்லா மட்டும் பெருமூச்சு விட்டு, "நல்லவேளை" என்றாள்.

எது நல்லவேளை?

கேட்பதற்குள் ஃபோன் அடித்தது. ஜெரோம். சேவியர் ஸ்பீக்கரில் போட்டார். பையன் மூச்சு விடாமல் இங்கிலீஷில் பொரிந்தான். மீட்டிங் முடிந்து இப்போதுதான் வருகிறானாம். நேற்று ஆட்டத்தின் வீடியோவை டீமுக்கே போட்டுக் காட்டினார்களாம். அந்தக் கடைசி டச் டவுனில் ஜெரோம் செய்ததைக் கோச் பார்த்துவிட்டாராம்.

ஸ்டெல்லா சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தாள். "கோச் பாத்துட்டாரா?"

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தோம். அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. "ஒருத்தன் ஓடி வந்தான். மலை மாதிரி இருந்தான். அவன் கையில பந்துகூட இல்ல. இவன் குறுக்க போயி, முட்டிய மடக்கி நின்னு, நெஞ்சுலயே முட்டித் தள்ளிட்டான். அவன் மல்லாக்க விழுந்துட்டான். பந்து வெச்சிருக்கறவனத்தான அடிக்கலாம்? யாரும் பாக்கலன்னு மாதாவுக்கு நன்றி சொல்லிட்டே வந்தேன்." அப்புறம் ஃபோன் பக்கம் குனிந்து, "கோச்கிட்ட ஸாரி சொல்லிடுப்பா" என்றாள்.

 எப்போது பேசினாலும் இங்கிலீஷில் பதில் சொல்கிற பையன், மெதுவாகத் தமிழில் கேட்டான்: "அம்மா, நீ அதைப் பாத்தியா?"

"உன்ன விட்டுட்டு நான் வேற எங்கடா பாப்பேன்?"

அப்புறம்தான் அவன் சிரித்தான். நாங்களும் சிரித்தோம். அது தப்பில்லையாம். அதுதான் வேலையாம். பந்து எறிகிறவனை நோக்கிப் பாய்ந்து வருகிறவனை இவன் தடுக்காவிட்டால் பந்து கையை விட்டே போயிருக்காது, டச் டவுனும் கிடையாது. மற்ற நாலு பேரும் ஓடுவதில் புலி, தடுப்பதென்றால் நழுவிவிடுவார்கள். கோச் அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் காட்டி, இனிமேல் பந்து எறிகிற சமயத்தில் குவார்ட்டர்பேக் பக்கத்தில் ஜெரோம்தான் நிற்பான் என்று சொல்லிவிட்டாராம். அவ்வளவு நெரிசலில் பையனுக்கு ஒரு இடம் கிடைத்துவிட்டது. ஓடி அல்ல, நின்று.

சேவியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ரகு டேப்பை வெளியே எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். நிபுணர் அன்று முழுக்கப் பேசவில்லை. எனக்கு அது தனி சந்தோஷம்.

யோசித்துப் பார்த்தால், நாம் எல்லோரும் பந்தைத்தானே பார்க்கிறோம்? ஆபீஸில் புது சாஃப்ட்வேர் ரிலீஸ் ஆனால் டெமோ கொடுத்தவனுக்குக் கேக் வெட்டுகிறோம். அது படுத்துவிடாமல் சர்வரைக் கட்டிக் காத்தவன் ஓரமாக நின்று கை தட்டிக்கொண்டிருப்பான். கல்யாண ஆல்பத்தைப் புரட்டிப் பாருங்கள். கடைசி வரிசை இலைக்குச் சாம்பார் போனதா என்று ஓடிக்கொண்டிருந்த சித்தப்பா ஒரு ஃபோட்டோவிலும் இருக்கமாட்டார். அவரை யார் பார்த்திருப்பார்கள்? அவர் மேல் மட்டும் கண் வைத்திருந்த யாரோ ஒருவர் பார்த்திருப்பார்.

அடுத்த ஹோம் கேமுக்கு மூன்று வேன் நிறையப் போனோம். மாலா ஆன்ட்டிகூட வந்தார், அரியர்ஸ் க்ளியர் ஆன சந்தோஷத்தில். ஸ்டெல்லா நடுவில் உட்கார்ந்து எல்லோருக்கும் கோச்சிங். "பந்தப் பாக்காதீங்க, முட்டியப் பாருங்க." ஒருவர் விடாமல் ஜெரோமையே பார்த்தோம். அவன் யாரைத் தள்ளினான், எப்படி நின்றான், எவன் மல்லாந்தான் எல்லாம் எங்களுக்கு அத்துப்படி.

ஜெயித்தது யார் என்பதைத்தான், திரும்பி வரும்போது வேன் ரேடியோவைக் கேட்டுத் தெரிந்துகொண்டோம்.