மடிக்காமல் விட்ட ஓரம்

செவ்வாய்க்கிழமை காலை, இராஜபாளையத்தில் டவுன் பஸ்ஸை விட்டு இறங்கிக் கம்பெனி வாசலை நெருங்கும்போது போன் வந்தது. பேசியவர் வேலம்மாள் அக்காவின் தம்பி. "அக்கா போயிட்டாவ. கொஞ்சம் வெரசா வாங்க" என்றார். வாசலிலேயே லீவு சொல்லிவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்பும் பஸ்ஸில் ஏறினேன்.

அக்காவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் கட்டுத்துணியைச் சோதிக்கும் பிரிவில் நானும் அவரும் பதினெட்டு வருடம் ஒரே மேசையில் இருந்தோம். நூல் எண்ணும் கண்ணாடியைத் துணிமேல் வைத்து அவர் இழையை எண்ணிவிட்டால் மறுபேச்சு கிடையாது. வெட்டிய துணியின் ஓரம் உள்ளே மடிந்திருக்க வேண்டும். மடிக்காத ஓரத்திலிருந்து பிசிறு உதிரும், அது போய்ப் புண்ணில் தங்கும். ஒரே ஒரு துண்டில் ஓரம் வெளியே நின்றாலும் கட்டு முழுவதையும் திருப்பி அனுப்புவார். அவரிடம் வசவு வாங்காதவர்கள் எங்கள் ஷிப்டில் யாருமில்லை. அதிகம் வாங்கியவள் நான்.

ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த தம்பி, ஒரு சின்ன கேமராவையும் அதைத் தண்ணீருக்குள் கொண்டுபோகும் கண்ணாடிப் பெட்டியையும் அக்காவிடம் கொடுத்தார். பிளவக்கல் பக்கம் மலையடி ஓடையில், முழங்கால் தண்ணீரில், ஞாயிறுதோறும் அக்கா அதை அமிழ்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு போவது என் வேலை. மூட்டுவலி உள்ளவருக்கு இது தேவையா என்று நான் முணுமுணுக்காத வாரமில்லை.

ஒரு நாள் கல்லிடுக்கில் அரிசி நீளம்கூட இல்லாத ஒரு புழுவைக் கண்டார். அது ஓடும் தண்ணீருக்குக் குறுக்கே சின்னஞ்சிறு வலை கட்டியிருந்தது. "ஏட்டி, இங்க பாரு. நம்மள மாதிரி ஒருத்தி தண்ணிக்குள்ள கட்டுத்துணி நெய்யுதா" என்றார். அந்த வலையின் இழையை எண்ணிவிட வேண்டும் என்ற ஆசை அன்றே அவரைப் பிடித்துக்கொண்டது.

கேமராவில் புழு ஒரு புள்ளியாகத்தான் தெரிந்தது. நூல் எண்ணும் கண்ணாடியைப் பெட்டிக்கு வெளியே ஒட்டிப் பார்த்தார். வீட்டில் வைத்துப் பார்த்தபோது பெரிதாகக் காட்டிய கண்ணாடி, தண்ணீருக்குள் போனதும் வெறும் சில்லாகிவிட்டது. கண்ணாடிக்கு முன்னால் காற்று இருந்தால்தான் அது பெரிதாக்கும் என்று கண்டுபிடிக்க அவருக்கு இரண்டு மாதம் ஆனது. பிறகு அதைப் பெட்டிக்கு உள்ளே, கேமராவின் முகத்தில் ஒட்டினார். ஜூமை முழுவதும் நீட்டிவிட்டு, கையை ஒரு நெல் அளவு முன்னும் பின்னும் நகர்த்தினால் வலை பளிச்சென்று வந்து நிற்கும். பெரிதாக்கப் பெரிதாக்கப் பெட்டி கல்லை முட்டும் அளவுக்கு நெருங்க வேண்டியிருந்தது. வெளிச்சமும் போதவில்லை, மூச்சு விட்டாலே கலங்கியது.

இதற்கிடையில் அந்த ஓடையில் தடுப்புச் சுவர் கட்டப்போவதாகப் பேச்சு வந்தது. அக்கா ஒரு விலங்கியல் பேராசிரியரைத் தேடிப் போனார். வலையின் கண்கள் எண்ணும்படித் தெளிவாக ஒரு படம் இருந்தால், இது இன்ன பூச்சி என்று எழுதி மனுவோடு இணைக்கலாம், சுவரை ஓடையில் கொஞ்சம் கீழே தள்ளிக் கட்டச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம் என்றார் அவர். நடக்கும் என்று அவர் சொல்லவில்லை. அக்காவுக்கு அதுவே போதுமாக இருந்தது.

சுவர் வேலை தொடங்குமுன் கடைசியாக ஒரு ஞாயிறு கிடைத்தது. குளிர்ந்த தண்ணீரில் பெட்டிக்குள் ஆவி படியும், அதனால் ஈரம் உறிஞ்ச எங்கள் கட்டுத்துணியில் ஒரு துண்டு உள்ளே வைப்பது வழக்கம். எப்போதும் அதை அவரே வெட்டி மடித்து வைப்பார். அன்று நான் செய்தேன். நேரமாகிறதே என்ற அவசரத்தில் வெட்டினேன், வைத்தேன், பெட்டியைப் பூட்டினேன்.

மூன்று மணி நேரம் பாறையில் குப்புறப் படுத்துக்கொண்டு எடுத்தார். கேமராவின் சின்னத் திரையில் நன்றாகத்தான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து தம்பியின் கம்ப்யூட்டரில் பெரிதாக்கினோம். படத்தின் நடுவே ஒரு பஞ்சு இழை, அதன் முறுக்குக்கூடத் தெரியும் அளவுக்குத் தெளிவாகக் கிடந்தது. பெட்டியின் முகத்தில் உள்பக்கம் ஒட்டிய பிசிறு அது. கேமரா அதைப் பிடித்துக்கொண்டு வலையை விட்டுவிட்டது. வலை பின்னால் புகையாக நின்றது. எல்லாப் படங்களும் அப்படியே.

அக்கா திரையில் அந்த இழையின்மேல் விரலை வைத்தார்.

"ஓரத்த மடிக்கலையா நீ?"

"இல்லக்கா."

அவ்வளவுதான் கேட்டார். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த ஞாயிறு போனபோது இயந்திரம் ஓடையைத் தோண்டியிருந்தது. கற்கள் கரையில் குவிந்து கிடந்தன. ஒன்றிரண்டைப் புரட்டினார். வலை இருந்த இடத்தில் காய்ந்த எச்சில் போல ஒரு தடம் இருந்தது. அன்று அவர் கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை, அதற்குப் பிறகும் எடுக்கவில்லை. வேறு ஓடை பார்ப்போம் என்று சொன்னேன். "பாப்போம்" என்றார். நெஞ்சுவலி வந்தது, ஆஸ்பத்திரி, வீடு, மறுபடி ஆஸ்பத்திரி என்று நான்கு மாதத்தில் முடிந்துவிட்டது. அந்தப் புழுவின் பெயர் எங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

செவ்வாயன்று நான் போனபோது வாய்க்கட்டுக்குத் துணி தேடிக்கொண்டிருந்தார்கள். அலமாரியில் எங்கள் கட்டுத்துணிச் சுருள் இருந்தது. வெட்டி, இரண்டு ஓரத்தையும் உள்ளே மடித்து நகத்தால் நீவினேன். "இதுக்கு எதுக்குத்தா மடிப்பு?" என்றார் ஒரு பெரியவர். அக்காவின் தாடைக்குக் கீழே கொடுத்து, தலைக்கு மேலே முடிச்சுப் போட்டேன்.

போய் வாருங்கள் அக்கா. ஒரு பிசிறுகூட இல்லாமல் மடித்திருக்கிறேன். சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் நீங்கள் இல்லை.